நாலு மணிக்கு மேல் ஓர் ஆள்

இந்தியச் சட்டங்களைப் புரட்டினால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுவது ஆறு வயதுவரைதான் என்று எண்ணத் தோன்றும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை பார்க்கும் ஆலையில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடியும் ஆறு வயதோடு பிள்ளையைப் பள்ளியிடம் ஒப்படைத்துவிடுகிறது. பள்ளி மாலை நாலு மணி சுமாருக்கு மணியடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அந்த வீட்டில் அப்போது யார் இருக்கிறார்கள் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் காலை எட்டரைக்குப் போகிற அம்மா, ஒரு ஷிப்ட் பார்த்தால் மாலை ஐந்தரைக்கு மேல்தான் வெளியே வருவார். ஆர்டர் அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இரவாகிவிடும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அதற்கு வெகு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். இடைப்பட்ட நேரத்தைப் பாட்டி, பக்கத்து வீடு, தெருமுனை டியூஷன், ஐந்தாவது படிக்கும் அக்கா என்று குடும்பங்கள் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பப் பல நாடுகளில் மாலை மையங்கள் நடக்கின்றன. நடத்துபவர்களின் கவலை எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது: ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவர் நிலைப்பதில்லை, நிலைத்தவருக்கும் ஆரம்பத்து உற்சாகம் வடிந்துவிடுகிறது. மூன்றையும் மனம் சார்ந்த சிக்கலாக எடுத்துக்கொண்டு ஊக்கப் பேச்சு, பயிற்சி முகாம், பாராட்டுச் சான்றிதழ் என்று மருந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த மருந்தில் நம்பிக்கையில்லை. மாலை மையத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலையின் துண்டாகவே இன்றுவரை வைக்கப்பட்டிருக்கிறது. துண்டு வேலையில் யாரும் வாழ்க்கையை ஊன்ற முடியாது. ஆள் கிடைக்காததும் உற்சாகம் வடிவதும் அங்கிருந்து வருகின்றன. இதைச் சொல்ல நம் கையிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளி பூட்டிக் கிடந்ததால் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு மீட்டுத் தருவது நோக்கம். ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். தொடக்க வகுப்புகளுக்கு பிளஸ் டூ படித்திருந்தால் போதும். ஆறு முதல் எட்டுவரை என்றால் பட்டப்படிப்பு. மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய்.

இந்த ஆயிரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதம் இருபத்திரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்று வைத்தால் 33 மணி நேரம். மணிக்கு 30 ரூபாய். அதே 2021–22 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான ஒரு நாள் கூலி 273 ரூபாய். மாதம் முழுக்க இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவருக்குக் கிடைத்தது நாலு நாள் கூலியைவிடக் குறைவு. அப்படியும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவர்களிடம் வந்து உட்கார்ந்தார்கள்.

ஏன் வந்தார்கள்? பி.ஏ., பி.எஸ்ஸி., பி.எட். முடித்துத் திருமணமாகி ஊரிலேயே இருந்துவிட்ட பெண்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். பஸ் ஏறி வெளியூர் போகும் வேலைக்கு வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டாலும் கைக்குழந்தையை விட்டுப் போக முடியாது. மாலை மையம் அவர்கள் வாசலுக்கே வந்த வேலை. படித்த படிப்புக்கு ஏற்றது, தெருவே பார்த்து மதிக்கக்கூடியது, அடுப்படி வேலையை முன்பின் தள்ளிவைத்தால் செய்துவிடக்கூடியது. கல்லூரிகள் இன்னும் சரியாகத் திறக்காத நேரம் என்பதால் மாணவர்களும் சேர்ந்தார்கள். கலைஞர்களின் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமுமாக அழைத்தன. ஆள் கிடைக்காது என்ற முன்முடிவு அந்த ஆண்டு தகர்ந்தது. நெருக்கடி நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்தில், மரியாதையோடு கேட்டால் ஆள் கிடைக்கும்.

அந்த உழைப்பு வீண் போகவில்லை என்பதற்கு அளவெடுத்த ஆதாரம் உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து 2022இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இழப்பு இன்னும் பெரிது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அப்படி மீண்டதில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வி மையங்களால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மணிக்கு 30 ரூபாய் வேலை செய்த சாதனை இது. கல்வித் துறையில் இத்தனை குறைந்த செலவில் இத்தனை பலன் தந்தவை அபூர்வம். அந்தப் பெண்களை நினைத்து நாம் பெருமைப்பட வேண்டும். அந்தத் தொகையை நினைத்து வெட்கப்படவும் வேண்டும்.

ஒரு மையத்தின் மாலையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அந்த வேலையின் எடை தெரியும். தன்னார்வலர் திண்ணையைக் கூட்டிப் பாய் விரிப்பதற்குள் நாலைந்து வாண்டுகள் வந்து நின்றுகொண்டிருப்பார்கள். வருகையைப் போனில் பதிய வேண்டும். சிக்னல் கிடைக்காத தெருவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போகிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து அட்டை கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நாலாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லித்தர வேண்டும். அதற்குள் எழுத்து அட்டைக்குச் சண்டை மூளும். ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருப்பாள். பதிவேட்டில் தம்பிக்குப் பெயர் கிடையாது, ஆனால் அவன் திண்ணையிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தன்னார்வலர்தான். மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்கெல்லாம் மறுபடி பசி வந்துவிடும். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆறரைக்குப் பாடம் முடிந்தாலும் இரண்டு பேர் எழுந்து போக மாட்டார்கள். வீட்டில் இன்னும் ஆள் வரவில்லை. உள்ளே மாமியார் கூப்பிடுகிறார். வாசலில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கற்றல் இழப்பை மீட்கும் திட்டம் என்று தாளில் எழுதப்பட்டது, திண்ணையில் பிள்ளை பார்க்கும் வேலையாகவும் ஆகிவிட்டது. தாளில் அந்தப் பாதிக்கு நேரமும் இல்லை, ஊதியமும் இல்லை.

தமிழ்நாடு இதற்கு முன்பும் ஒரு தன்னார்வப் பெருக்கத்தைக் கண்டிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியபோது, சம்பளம் எதுவும் வாங்காமல் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் மாலை நேரங்களில் முதியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். புதுக்கோட்டையில் அந்த அலை பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. இன்றும் அந்த ஊர் பேசும் வரலாறு அது. இயக்கம் தணிந்தபின் அந்தத் தொண்டர்களை ஏந்திக்கொள்ள எந்த அமைப்பும் இருக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக்கோ, அரசு வேலையின் முன்னுரிமைக்கோ அந்த அனுபவம் படிக்கட்டு ஆகவில்லை. இயக்கம் ஆளைத் திரட்டும். ஆண்டுக்கணக்கில் ஒருவரை ஓரிடத்தில் வைத்திருக்க அதனால் முடியாது. இல்லம் தேடிக் கல்வி மையங்களும் பள்ளிகள் முழுமையாக இயங்கத் தொடங்கியபின் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 2023இல் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாம்களுக்கு இந்தத் தன்னார்வலர்களைத்தான் அரசு அழைத்தது. நம்பகமான, போன் கையாளத் தெரிந்த, ஊருக்கு அறிமுகமான பெண்கள் என்று அரசுக்கே தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கை அவர்களுக்கு நிலையான வேலையாக மாறவில்லை.

உற்சாகம் ஏன் வடிகிறது என்பதைப் பற்றி உளவியலில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு நாள் முழுக்கப் போன் பேசும் பணியாளர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அந்த நன்கொடையில் உதவித்தொகை பெற்றுப் படித்த ஒரு மாணவரைச் சில நிமிடம் நேரில் சந்திக்க வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சந்தித்தவர்கள் போனில் பேசிய நேரமும் திரட்டிய பணமும் முன்பு இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல் போயிருந்தன. உழைப்பின் பலனை அடைகிறவரின் முகத்தைப் பார்த்தால் ஊக்கம் பிறக்கும் என்பது முடிவு.

மாலை மையப் பணியாளரை இதோடு வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பலன் அடைகிறவரின் முகம் அவர் எதிரில் தினமும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் ‘க’வையும் ‘த’வையும் குழப்பிய பிள்ளை இன்று கதைப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ‘அக்கா, நான் படிக்கட்டா?’ என்கிறது. உலகின் எந்த நிறுவனமும் தன் ஊழியருக்குத் தர முடியாத ஊக்கம் இவருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியும் ஒருவர் விட்டுப் போகிறார் என்றால், அவருக்கு ஊக்கப் பேச்சு நடத்துவது தப்பான இடத்தில் கட்டுப்போடுவது. வேறு எங்கேயோ வடிகிறது. அது எங்கே என்று அந்தப் பெண்களிடமே உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்: மாதக் கடைசியில் வராத மதிப்பூதியம், தனியாளாய் இருபது பேரைக் கட்டிக்காக்கும் பயம், குறை கண்டுபிடிக்க மட்டும் வரும் அதிகாரி, நேரத்துக்கு வராத பெற்றோர்.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு புகழ்பெற்ற பரிசோதனை இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் பெற்றோர் தாமதமாக வருவதை யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் ஆராய்ந்து 2000இல் எழுதினார்கள். ஆறு காப்பகங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் சிறு அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, போகப்போக ஏறத்தாழ இரு மடங்கானது. காத்திருக்கும் ஆயாவிடம் சங்கடப்பட்டு ஓடிவந்தவர்கள், காசு கட்டினால் போதும் என்று நிம்மதியாக வரத் தொடங்கினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. இந்த ஆய்வைப் பெற்றோர் பக்கமிருந்தே எல்லோரும் சொல்வார்கள். நான் காத்திருந்த ஆயாவின் பக்கமிருந்து பார்க்கிறேன். அபராதம் மாதக் கட்டணத்தோடு சேர்ந்து காப்பகத்துக்குப் போயிற்று. முன்பு அவருடைய கூடுதல் நேரம் பெற்றோர் உணர்ந்த ஒரு கடமைப்பாடு. இப்போது அது விற்கப்பட்ட சரக்கு, விற்றவர் அவரும் இல்லை. கூடுதல் நேரத்துக்கு ஊதியம் தருவதென்றால் அது காத்திருப்பவர் கைக்குப் போக வேண்டும். தர முடியாதென்றால் நேரத்துக்கு வர வேண்டியது தங்கள் கடமை என்று ஊர் உணர வேண்டும். இரண்டும் இல்லாத மையத்தில் நல்ல மனம் படைத்தவர்தான் முதலில் களைத்துப் போவார், ஏனென்றால் பிள்ளையைத் தனியே விட்டுப் போக மனம் வராமல் உட்கார்ந்திருப்பவர் அவர்.

‘மதிப்பூதியம்’ என்ற ஏற்பாட்டின் நிழல் எவ்வளவு நீளமானது என்பதற்கு அங்கன்வாடி ஊழியர்களே சாட்சி. 1975 முதல் அவர்களைக் கௌரவப் பணியாளர் என்றே அரசுகள் வைத்திருந்தன. அவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரலில்தான். நாற்பத்தேழு ஆண்டுகள். மாலை மையத்தையும் அதே வழியில் தொடங்கினால் அடுத்த தலைமுறைப் பெண்கள் அதே நீதிமன்றப் படியை ஏற வேண்டியிருக்கும்.

வெளிநாடுகள் என்ன செய்தன என்று பார்ப்பதில் பயன் இருக்கிறது, அவையும் முழுதாக வெல்லவில்லை என்றாலும். ஜப்பான் 1997இல் குழந்தை நலச் சட்டத்தைத் திருத்தி, ‘ககுடோ’ எனப்படும் மாலைக் காப்பகங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. 2015இல் நாற்பது பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பயிற்சி பெற்ற பணியாளர் என்று தரம் வகுத்தது. ஏறத்தாழ 15 லட்சம் பிள்ளைகள் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் 2024இல் பதினேழாயிரத்துக்கும் மேல். மழலையர் காப்பகம் மாலை வெகு நேரம்வரை பார்த்துக்கொண்ட பிள்ளை, முதல் வகுப்பில் சேர்ந்ததும் மதியமே பள்ளி முடிந்து நிற்கும். தாய்மார் பலர் வேலையை விடுவது அந்த ஆண்டில்தான். ஆனால் பணியாளர்களில் பெரும்பகுதியினர் நிரந்தரமற்றவர்கள். ஆள் கிடைக்கவில்லை என்று உள்ளாட்சிகள் முறையிட்டபோது, 2020 ஏப்ரல் முதல் அந்த ‘இரண்டு பேர்’ விதி கட்டாயத்திலிருந்து இறக்கப்பட்டு உள்ளாட்சிகள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வழிகாட்டுதலாக ஆக்கப்பட்டது. இது ஆபத்தான பாதை என்பது என் உறுதியான எண்ணம். ஆள் குறைவு என்று ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால், இருக்கிற ஒருவரும் நிலைக்க மாட்டார். ஒரு பிள்ளைக்கு முழங்காலில் அடிபட்டால் மற்ற முப்பது பேரை யாரிடம் விட்டுவிட்டு அவர் போவார்?

சுவீடன் வேறு வழியில் போயிற்று. அங்கே பதின்மூன்று வயதுவரை பிள்ளைகள் செல்லும் மாலை மையம் பள்ளி அமைப்பின் அங்கம். அதற்கென்று பாடத்திட்டத்தில் தனிப் பகுதி உண்டு. ஆசிரியராக மூன்றாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு உண்டு. 2019 முதல் அங்கே கற்பித்தலுக்குப் பொறுப்பேற்க ஆசிரியர் உரிமமும் வேண்டும். இந்த ஆசிரியர்களில் பலர் காலையில் வகுப்பறையில் வகுப்பாசிரியரோடு சேர்ந்து பணிபுரிந்துவிட்டு மாலையில் அதே பிள்ளைகளோடு மையத்துக்குப் போகிறார்கள். துண்டு வேலை முழுநாள் வேலையாகிவிடுகிறது. காலையில் பின்னம் புரியாமல் கண் கலங்கிய பிள்ளை யார் என்று மாலையில் அவருக்குத் தெரியும். சுவீடனிலும் படித்துத் தகுதி பெற்றவர் போதிய அளவில் இல்லை, குழுக்கள் பெருத்துவிட்டன என்ற குறை பலமாக இருக்கிறது. வேலையை முழுமையாக்குவது முதல் படிதான். ஆளைப் பயிற்றும் கல்லூரி இடங்களும் அதனோடு கூட வேண்டும். ஜெர்மனி 2026 ஆகஸ்டிலிருந்து முதல் வகுப்பில் தொடங்கி, தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் முழுநாள் பராமரிப்பைச் சட்ட உரிமையாக்கும் சட்டத்தை 2021இலேயே இயற்றி, இடையில் ஐந்தாண்டு அவகாசம் வைத்துக்கொண்டது. அங்கும் பெரிய கவலை கட்டடத்தைவிட ஆள் பற்றியது.

தமிழ்நாட்டில் துண்டுகளைச் சேர்த்து முழு வேலையாக்க நமக்கு ஒரு வாய்ப்பு கண்முன் கிடக்கிறது. 2012இல் அரசு நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி போன்றவற்றைக் கற்பிக்க 16,500க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய், 2021இல் 10,000. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. இப்போது பன்னிரண்டாயிரம் சொச்சம் பேர்தான் எஞ்சியிருக்கிறார்கள். மாலை மையத்துக்கு என்ன திறமை வேண்டும் என்று பட்டியல் போட்டால், விளையாட்டு, படம் வரைதல், கைவேலை, பாட்டு என்று இவர்களுடைய பாடங்களே வந்து நிற்கும். நாள் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்த பிள்ளைக்கு மாலையில் இன்னொரு கரும்பலகை வேண்டாம். பந்தும் வண்ணமும் வேண்டும். மதியம் ஒரு மணிக்கு வந்து, பிற்பகல் வகுப்பில் தன் பாடத்தை நடத்தி, மாலை ஆறரைவரை மையத்தைப் பார்த்துக்கொள்வது என்று இந்த வேலையை மாற்றி அமைத்தால் வாரத்துக்கு 27 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குரிய ஊதியத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். ஒருவர் குடும்பம் நடத்தக்கூடிய வேலை அது. நடுநிலைப் பள்ளிகளில் இதை முதலில் செய்து பார்க்க முடியும்.

மையத்துக்கு இரண்டாம் ஆள் கட்டாயம். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் குழுப் பெண்களுடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கிறவர்கள். பள்ளியின் அடுக்களையும் பிள்ளைகளின் பெயரும் அவர்களுக்குப் பழக்கம். மாலை நாலரைக்கு ஒரு சுண்டலோ கொழுக்கட்டையோ செய்து தந்து, ஆறரைவரை உடனிருப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்தால் பசிக்கும் தனிமைக்கும் ஒருசேர வழி பிறக்கும். இல்லம் தேடிக் கல்வியில் இரண்டாண்டு பணிபுரிந்தவருக்கு இந்த இடங்களில் முன்னுரிமையும், தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர உதவித்தொகையும் கொடுத்தால் அவர் உழைப்புக்கு ஒரு படிக்கட்டு கிடைக்கும். ஆசிரியர் பயிற்றுநர் மாதம் ஒருமுறை மையத்துக்கு வந்தால், பதிவேட்டைத் திறக்கும் முன் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகட்டும். இதற்குக் காசு செலவில்லை; ஆண்டுகளாகத் தனியே பணிபுரிபவர்களுக்கு இதைப்போல் தெம்பு தருவது வேறில்லை.

எல்லாவற்றையும் விடச் சிக்கலானது மே மாதம். ஜப்பானின் ககுடோக்கள் கோடை விடுமுறையில் காலையிலேயே திறந்துவிடுகின்றன, ஏனென்றால் பள்ளி மூடியிருக்கும்போதுதான் பிள்ளைக்கு ஆள் முழுநாளும் தேவை. இங்கே பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளமே இல்லாமல் இருந்தது. பல ஆண்டுகளாக அவர்கள் கேட்டு வந்த முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று அது. சத்துணவுக் கூடமும் பூட்டிக் கிடக்கும். கிணற்றிலும் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கும் செய்தி நாளிதழில் வரிசையாக வருவதும் அந்த மாதத்தில்தான். புதிய மாலை மையத்துக்கு ஆணை எழுதுகிற அதிகாரி, பணி நியமனத்தில் பதினோரு மாதம் என்று எழுதாமல் பன்னிரண்டு மாதம் என்று எழுதினால், ஏப்ரல் கடைசியில் அந்த ஊழியர் வேறு வேலை தேடிப் போகமாட்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது மறுபடி ஆள் தேட வேண்டியும் இராது.